மாதிரிக் கப்பலின் அடியில் செம்பு: டேப்பா, தனித்தகடா, பெயின்டா?

பிரிட்டனின் ராயல் நேவி கப்பல்களின் அடியில் அடித்த செம்புத் தகடு 4 அடி நீளம், 14 அங்குல அகலம். பாய்மரக் கப்பல் மாதிரி செய்பவர் இந்த இரண்டு எண்களையும் தன் மாதிரியின் அளவு விகிதத்தால் வகுத்துப் பார்த்த பிறகுதான் எதையும் வாங்க வேண்டும். 1:48 அளவில் ஒரு தகடு 25.4 × 7.4 மி.மீ. வரும். 1:64 என்றால் 19 × 5.6. 1:72 என்றால் 17 × 4.9. 1:96 என்றால் 12.7 × 3.7. டேப், தனித்தகடு, காகிதம், பெயின்ட் என்று நாலு வழி இருந்தாலும், எது பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. உங்கள் கப்பலுக்குச் செம்பு இருந்ததா?

மரத்தைத் துளைக்கும் கடற்புழுவையும், வேகத்தைக் குறைக்கும் பாசியையும் கொட்டலசையும் தடுக்கத்தான் செம்பு வந்தது. ராயல் நேவி இதை முதலில் சோதித்துப் பார்த்தது 1761-இல், எச்.எம்.எஸ். அலாரம் என்ற 32 பீரங்கிக் கப்பலில். புழு வரவில்லை. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் கடல்நீரில் அரித்துப்போயின. கப்பற்படை முழுவதற்கும் செம்பு போடும் வேலை 1779 வாக்கில்தான் வேகம் பிடித்தது. இரும்புக்குப் பதில் செம்புக் கலவை ஆணிகள் அதற்கும் சில ஆண்டுகள் கழித்து வந்தன. எச்.எம்.எஸ். விக்டரி கடலில் இறங்கியது 1765-இல். செம்பு போட்டது 1780-இல். ஆகவே 1765-ஆம் ஆண்டு விக்டரியைச் செய்கிறவர் செம்பு ஒட்டினால் அது தவறு, 1805 டிரஃபால்கர் போர்க் காலத்து விக்டரியைச் செய்கிறவர் ஒட்டாமல் விட்டால் அதுவும் தவறு. கேப்டன் குக்கின் எண்டெவருக்குச் செம்பு கிடையாது. 1787-இல் புறப்பட்ட பவுன்ட்டிக்கு உண்டு. திருகோணமலையின் பெயரைத் தாங்கி, பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் தளத்தில் தேக்கு மரத்தில் கட்டி 1817-இல் இறக்கிய எச்.எம்.எஸ். டிரிங்கோமலிக்கும் உண்டு. மேஃபிளவர், சாந்தா மரியா போன்ற அதற்கும் முந்தைய காலக் கப்பல்களுக்குச் செம்பு என்ற பேச்சே எழாது. அவற்றுக்கு வெள்ளைப் பூச்சோ தார்ப் பூச்சோதான் சரி.

1869-இல் இறங்கிய கட்டி சார்க் என்ற தேயிலைக் கப்பலுக்கு இன்னொரு சிக்கல். அதன் அடியில் இருந்தது தனிச் செம்பு அல்ல, மன்ட்ஸ் உலோகம். 60 பங்கு செம்பும் 40 பங்கு துத்தநாகமும் சேர்ந்த இந்தக் கலவை 1832-இல் வந்தது. பித்தளைச் சாயல் கொண்டது. சிவந்த செம்பு டேப்பை ஒட்டிய கட்டி சார்க், வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நிறத்தில் தவறிவிடும். அதற்குப் பித்தளை டேப் தேடுங்கள்.

தடிமன்தான் முதல் சோதனை

கனமான வகை செம்புத் தகடு ஒரு சதுர அடிக்கு 32 அவுன்ஸ் எடை. செம்பின் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட்டால் தடிமன் சுமார் 1.1 மி.மீ. வரும். 1:64 மாதிரியில் அது 0.017 மி.மீ. ஆகிவிடுகிறது, தலைமயிரைவிட மெல்லியது.

வண்ணக் கண்ணாடி வேலைக்காரர்கள் பயன்படுத்தும் பசை தடவிய செம்பு டேப்பில் உலோகம் மட்டும் 0.025 முதல் 0.04 மி.மீ. வரை இருக்கும். 1:64-இல் மெல்லிய வகை 1.6 மி.மீ. தகட்டுக்குச் சமம். உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது. கிட்டுகளோடு (மாதிரிக் கப்பலின் பாகங்கள் அடங்கிய பெட்டிகளோடு) வரும் அச்சடித்த தனித்தகடு 0.1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அது 6.4 மி.மீ. கனமுள்ள தகட்டுக்குச் சமம். அந்தக் கனத்தில் செம்பு அடித்த கப்பல் எதுவும் இருந்ததில்லை. ஒவ்வொரு விளிம்பும் படிக்கட்டுபோல நிற்கும். பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் நிழல் விழும். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டவும் முடியாது, விளிம்போடு விளிம்பு சேர்த்துத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

ஆணித்தலை அடுத்த சோதனை. உண்மைக் கப்பலில் ஆணித்தலைகள் தகட்டோடு தகடாகப் படியும்படி அடிக்கப்பட்டன. தலை ஒரு அங்குலம் என்று தாராளமாக வைத்தாலும் 1:64-இல் 0.4 மி.மீ.தான். அச்சுத் தகட்டில் கொப்புளம் 0.8 மி.மீ. இருந்தால் அது இரண்டு அங்குல ஆணித்தலை ஆகிவிடுகிறது, அதுவும் வெளியே புடைத்துக்கொண்டு. ஆயிரக்கணக்கான கொப்புளங்கள் சேரும்போது கப்பலின் அடி பலாப்பழத் தோல்போலக் காட்சி தரும். மூன்றடி தள்ளி நின்று பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது கப்பலின் வளைவாக இருக்க வேண்டும், ஆணியாக இருக்கக் கூடாது. கிட் பெட்டியில் வந்தது என்பதற்காகவே புடைத்த தகட்டை ஒட்டிவிடாதீர்கள். வாங்கிய பணம் போனால் போகட்டும். நூறு மணி நேர உழைப்பு அதைவிடப் பெரிது.

தனித்தகட்டுக்கு நியாயமான இடமும் உண்டு. 1:48 அல்லது அதைவிடப் பெரிய மாதிரியில், ஆணி புடைக்காத மெல்லிய அமில அரிப்புத் தகடு கிடைத்தால் அது அழகாக உட்காரும். ஒவ்வொன்றும் அச்சு மாறாத ஒரே அளவில் இருப்பதால் வரிசை கோணாது. சில தகடுகளில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஆணி வரிசை வேறு வேறாக இருக்கும். சட்டத்திலிருந்து வெட்டியதும் இரண்டு டப்பாக்களில் பிரித்துப் போட்டுவிடுங்கள். கலந்துவிட்டால் பிரிப்பது பெரும் வேலை.

டேப் அகலம்

டேப் அங்குல அளவுகளில் வருகிறது: 5/32 (4 மி.மீ.), 3/16 (4.8), 7/32 (5.6), 1/4 (6.35). 14-ஐ 64-ஆல் வகுத்தால் சரியாக 7/32. ஆக 1:64-க்கு 7/32 டேப் வெட்டாமலே பொருந்தும். 1:75-க்கு 3/16-உம், 1:90-க்கு 5/32-உம் அதேபோல மிக நெருங்கி வரும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். உண்மைத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் வரை ஏறி நின்றன. வெளியே தெரிந்த அகலம் 14 அங்குலம் அல்ல, 13 அல்லது அதற்கும் குறைவே. ஆகவே ஏற்றி ஒட்டுகிறவர் முழு அகல டேப்பை எடுக்கலாம். விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டுகிறவர் ஒரு அளவு குறைத்துத்தான் எடுக்க வேண்டும். 1:64-இல் ஏற்றி ஒட்டினால் 7/32. சேர்த்து ஒட்டினால் 3/16. 1:48-இல் 14 அங்குலத்துக்குச் சரியான டேப் கிடைக்காது, ஆனால் 1/4 அங்குல டேப்பைச் சேர்த்து ஒட்டினால் அது 12 அங்குலம், தெரியும் அகலத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ஏற்றி ஒட்டுவதே நம் பரிந்துரை. 1:64-இல் ஒரு அங்குல ஏற்றம் என்பது 0.4 மி.மீ. டேப் அவ்வளவு மெல்லியது என்பதால் படி தெரியாது. மெல்லிய கோடு மட்டும் விழும். மரத்தில் ஒட்டுவதைவிட செம்பின்மேல் செம்பு நன்றாகப் பிடிக்கும். மரம் சுருங்கி விரிந்தாலும் இடுக்கில் மரம் எட்டிப் பார்க்காது. சேர்த்து ஒட்டியதில் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்தால் மயிரிழை இடைவெளிகள் தெரியத் தொடங்கும்.

எவ்வளவு டேப் வேண்டும்? விக்டரியின் அடியில் ஏறத்தாழ 3,900 தகடுகள். 1:72-இல் ஒரு தகடு 17 மி.மீ. என்றால் 66 மீட்டர். 33 மீட்டர் உருளை இரண்டு என்று கணக்கு வரும். சேதாரத்துக்கும் ஓரம் வெட்டுவதற்கும் சேர்த்து மூன்று வாங்க வேண்டும். ஒரு தகட்டுக்கு அரை நிமிடம் என்றால் ஒட்டுவதற்கு மட்டும் 32 மணி நேரம் ஆகும். நேரம் மிச்சம் என்று நீள டேப்பை அப்படியே ஒட்டிவிட்டு, மேலே கோடு கீறித் தகடுபோலக் காட்டுகிறவர்களும் உண்டு. 1:64-இல் அது உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் தனித்தனியாக ஒட்டிய ஒவ்வொரு தகடும் ஒரு நூலளவு வேறு கோணத்தில் வெளிச்சத்தை வாங்கும். செம்பு அடியின் அழகே அந்த மினுமினுப்பு மாறிமாறித் தெரிவதுதான். கீறிய டேப்பில் அது வராது.

டேப்பில் ஆணி வேண்டுமா? 1:64-க்குக் கீழே வேண்டாம். 1:48-இல் வேண்டும் என்றால், தையல்காரர்கள் துணியில் குறி போடும் பல்சக்கரத்தைப் பின்தாளோடு இருக்கும் டேப்பின் மேல்பக்கத்தில் லேசாக உருட்டுங்கள். குழி உள்நோக்கி விழ வேண்டும், புடைப்பு வரக் கூடாது. அழுத்திவிட்டால் செம்பு கிழியும். அந்த ஓட்டையில் பின்னால் களிம்பு ஏறும்.

பசை

டேப்பில் பசை ஏற்கெனவே இருப்பதுதான் அதன் பெரிய வசதி. முதல் சில நிமிடங்களுக்குள் கோணலாகிவிட்டால் உரித்து எடுத்து வேறொன்று ஒட்டலாம். தனித்தகட்டில் அந்தச் சலுகை கிடையாது.

தனித்தகட்டுக்குப் பெரும்பாலோர் எடுப்பது சூப்பர் க்ளூ எனப்படும் சயனோஅக்ரிலேட் பசை. கெட்டியான ஜெல் வகைதான் ஏற்றது. தண்ணீர்போல ஓடும் வகை தகட்டின் இடுக்கு வழியாக மேலே வந்து விரலையும் தகட்டையும் சேர்த்து ஒட்டிவிடும். தகட்டின் பின்புறத்தை 600 எண் உப்புத்தாளில் ஒரு இழு இழுத்து அசிட்டோனால் துடைத்து, ஒரு கடுகளவு பசை வைத்து, பத்து விநாடி அழுத்துங்கள். பசை கூடினால் ஆவி படிந்து தகட்டின்மேல் வெள்ளைப் பூஞ்சைபோல ஒரு படலம் வரும். அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்தால் போகும், ஆனால் தகட்டை அசைத்தும் விடலாம். அறையில் காற்றோட்டம் இருந்தால் இது குறையும். இந்தப் பசை காய்ந்தால் உடையும் தன்மை உடையது. மரம் அசையும்போது சில வருடங்கள் கழித்து ஒன்றிரண்டு தகடுகள் பட்டென்று தெறித்து விழுவது இதனால்தான்.

சன்மைக்கா ஒட்டும் ரப்பர் பசை அசைவைத் தாங்கும். இரண்டு பக்கமும் மெல்லத் தடவி, தொட்டால் ஒட்டாத அளவுக்கு 10–15 நிமிடம் காயவிட்டு வைக்க வேண்டும். வைத்தது வைத்ததுதான், நகர்த்த முடியாது. மூவாயிரம் தகட்டுக்கு இதைச் செய்ய மிகுந்த பொறுமை வேண்டும். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையைச் செம்புக்கு எடுக்கவே வேண்டாம், பிடிக்காது.

பெயின்டும் காகிதமும்

1:150, 1:200 அளவில் ஒரு தகடு 8 மி.மீ.க்கும் 6 மி.மீ.க்கும் வந்துவிடுகிறது. அங்கே செம்பு நிறப் பெயின்ட் குறையே இல்லை, பல நேரம் டேப்பைவிட நன்றாக இருக்கும். ஒரே நிறத்தில் பூசிவிட்டு நிறுத்தாதீர்கள். முதலில் கரும்பழுப்பு, அதன்மேல் மெல்லிய செம்பு, அங்கங்கே தகட்டளவில் சற்று அடர்ந்தும் வெளிர்ந்தும் தொட்டுவிட்டால் போதும்.

1:96-இல் காகிதம் நல்ல நடுவழி. மெல்லிய தாளில் செம்பு பெயின்ட் அடித்து, 12.7 × 3.7 மி.மீ. துண்டுகளாக வெட்டி ஒட்டலாம். சாதாரண 80 ஜி.எஸ்.எம். தாள் 0.1 மி.மீ. கனம், அது அதிகம், டிஷ்யூ வகைத் தாளே நல்லது. களிம்பு ஏறாது, விரல்ரேகை படியாது, விலையும் இல்லை. உலோகத்தின் உயிர் மட்டும் அதில் இருக்காது.

அடித்தளம்

எந்த வழியை எடுத்தாலும் தோல்வி வருவது பெரும்பாலும் இங்கேதான். கனத்த தனித்தகடு சின்னப் பள்ளங்களை மறைத்துவிடும். டேப் எதையும் மறைக்காது; கீழே இருக்கும் ஒவ்வொரு பலகை விளிம்பையும், மணல் துகளையும்கூடத் துல்லியமாக எடுத்துக் காட்டும். பட்டி பார்த்து, 180, 240, 320 என்று உப்புத்தாள் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும்.

பிறகு மரத்தை மூடுங்கள். சாண்டிங் சீலரோ அரக்கு பாலிஷோ இரண்டு கோட்; ஒவ்வொன்றுக்கும் நடுவே 400 எண் தாள். எதுவும் பூசாத வெறும் மரத்தில் டேப் பிடிப்பதுபோலத் தோன்றும். மாதங்கள் போனால் மூலைகள் தூக்கிக்கொள்ளும். மரத்தூளின் மேல்தான் பசை பிடித்திருக்கிறது, மரத்தின்மேல் அல்ல. கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு முறை லேசாகத் துடையுங்கள். கீழே அரக்கு பாலிஷ் என்றால் அதை ஆல்கஹால் கரைக்கும். அங்கே ஈரமில்லாத தூசுத்துணி போதும். மெழுகு, சிலிக்கான் கலந்த பாலிஷ் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

ஒட்டும் வரிசை

கப்பலைத் தாங்கியில் வைத்து, நீர்மட்டக் கோட்டைப் பென்சிலால் குறித்த பிறகு தொடங்குங்கள். முதல் தகடு பின்னணியத்தில், அதாவது கப்பலின் பின்முனையில், நம் கடற்கரைகளில் ஏரா என்று சொல்லும் அடிமரத்தை ஒட்டி. அங்கிருந்து முன்னோக்கி, முன்முனையான அணியம் வரை. பிறகு அடுத்த வரிசை மேலே. முன்தகட்டின் பின்விளிம்பு பின்தகட்டின்மேல் ஏறி நிற்க வேண்டும். கீற்று வேய்வதைப்போலத்தான் இதுவும்: கூரையில் மழைநீர் இடுக்கில் புகாமல் வழுக்குவதுபோல, ஓடும் கப்பலில் தண்ணீர் விளிம்பைத் தூக்காமல் வழுக்கிப் போக வேண்டும். அடுத்த வரிசையில் மூட்டுகளைச் செங்கல் சுவர்போலப் பாதித் தகடு தள்ளி வையுங்கள்.

நாலைந்து வரிசை போனதும் ஒன்று தெரியும். நடுக்கப்பலின் சுற்றளவு பெரிது, இரு முனைகளிலும் சிறிது. வரிசைகள் முனைகளில் மேல்நோக்கி வளைந்து ஏறத் தொடங்கும். இது தவறு அல்ல. வலுக்கட்டாயமாகக் கிடையாக்கப் பார்த்தால்தான் தகடுகள் விசிறிபோலப் பிரியும். இரு முனைகளிலும் வரிசை நீர்மட்டக் கோட்டைத் தொட்டதும், அதற்கு மேலே போவதைப் புதிய பிளேடால் கோட்டில் வெட்டிவிட வேண்டும். நடுவில் மிஞ்சும் படகு வடிவ இடைவெளியை நீர்மட்டத்துக்கு இணையாக ஒரு புதிய பட்டையாகத் தொடங்கி நிரப்பலாம். இந்த எல்லைக்கோடு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே இடத்தில் வர வேண்டும். அதற்காக இரண்டு பக்கமும் மாறிமாறி, மூன்று வரிசை இங்கே, மூன்று வரிசை அங்கே என்று போங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் ஏதோ ஓரிடத்தில் அரைத் தகடு பிசகும்.

டேப்பை வெட்டுவதற்கு: பின்தாளோடு ஐந்தாறு பட்டைகளை வெட்டுப்பலகையில் அடுக்கடுக்காக மாஸ்கிங் டேப்பால் பிடித்து, (1:64 என்றால்) 19 மி.மீ. இடைவெளியில் உலோக அடிக்கோல் வைத்து வெட்டுங்கள். பிளேடு மழுங்கினால் விளிம்பு சுருண்டு, பிறகு எவ்வளவு தேய்த்தாலும் படியாது. தகட்டைச் சாமணத்தால் மூலையைப் பிடித்து வைத்து, மூங்கில் குச்சியின் வழவழப்பான பக்கத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். பின்னணியத்தின் இரட்டை வளைவில் முழுத் தகடு மடிப்பு விழும். அங்கே பாதி நீளத் தகடாக வெட்டிப் போடலாம். தனித்தகடு அந்த வளைவில் வளைய மறுத்தால், தீயில் மங்கலான சிவப்பு வரும்வரை காட்டித் தண்ணீரில் போடுங்கள். செம்பு இளகிவிடும்.

நிறம்

பளபளக்கும் புதுச் செம்பு வேண்டுமா, பழுப்பேறியது வேண்டுமா என்பதை ஒட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். கையுறை போடாமல் ஒட்டினால் ஆறு மாதத்தில் விரல்ரேகைகள் கருப்பாக எழுந்து நிற்கும். கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் இன்னும் சீக்கிரம்.

வீட்டில் செம்புச் சொம்பைப் புளி போட்டு விளக்குகிறோமே என்று இதையும் விளக்கப் போகாதீர்கள். புளியின் அமிலம் கறையை எடுப்பது உண்மைதான். ஆனால் ஈரமும் உப்பும் விளிம்புக்குள் புகுந்தால் அங்கிருந்தே பச்சைக் களிம்பு கிளம்பும். ஆல்கஹால் தொட்ட பஞ்சும், பிடிவாதமான இடத்தில் மிக நுண்ணிய நான்கு சுழி (0000) ஸ்டீல் கம்பளியும் போதும்.

நிறத்தை அப்படியே நிறுத்த வேண்டுமானால், துடைத்த அன்றே மேட் அக்ரிலிக் லாக்கர். தூரத்திலிருந்து பனிபோல இரண்டு மூன்று மெல்லிய கோட். நனையும்படி அடித்தால் கரைப்பான் விளிம்புக்கு அடியில் இறங்கி டேப் பசையை இளக்கிவிடும். பளபளப்பு லாக்கர் செம்பைப் பிளாஸ்டிக்போல ஆக்கும். நம்மைக் கேட்டால், நன்றாகத் துடைத்துவிட்டு லாக்கர் போடாமல் ஓராண்டு விடுவதே மேல். தானாக வரும் பழுப்புக்கு ஈடான பழுப்பை எந்த ரசாயனமும் தராது.

சுக்கானை மறந்துவிடாதீர்கள். அதையும் தனியாக எடுத்து, கப்பலில் பொருத்தும் முன்பே செம்பு ஒட்டி, கீல்பட்டைகளைச் செம்பின்மேல் வைக்க வேண்டும். செம்பு போட்ட கப்பலில் அந்தப் பட்டைகளும் செம்புக் கலவைதான். கருப்புப் பெயின்ட் அடித்து இரும்பாகக் காட்டினால் அலாரம் கப்பலுக்கு வந்த அரிப்புதான் வரும் என்று விவரம் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். சுக்கானுக்கான தகடுகளை அடிக்கு ஒட்டிய அதே உருளையிலிருந்து முதலிலேயே வெட்டி, மூடிய பையில் எடுத்து வையுங்கள். வேறு உருளை வேறு சிவப்பாக இருக்கும்; பழுப்பேறும் வேகமும் மாறும்.